மழை பெய்யும் பாலை

(கோலாலம்பூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, மாலை நெரிசலையும் மழையையும் கடந்து வந்திருக்கும் பெரியோர்களே, இளைஞர்களே, வணக்கம்.

ஆண்டுதோறும் ஜூன் 17-ஆம் நாள், நிலம் பாலையாவதை எதிர்க்கும் நாளாக உலகெங்கும் கடைப்பிடிக்கப்படுகிறது. 1994-இல் ஏற்கப்பட்ட ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கை, வறண்ட நிலப்பகுதிகளில் மண் தன் வளத்தை இழப்பதையே அந்தச் சொல்லால் குறிக்கிறது. அந்த வரையறையின்படி, ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் மலேசியர்களான நமக்கு அதில் இடமில்லை. ஆனால் பாலைக்கெனத் தனி நிலம் கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தே பாலையாகும் என்று கருதிய மரபில் வந்தவர்கள் நாம். பழைய ஈய லம்பம், அதாவது வெள்ளீயச் சுரங்கம், ஒன்றின் மணல்மேட்டில் நண்பகல் வேளையில் நின்று பாருங்கள். அந்தக் கருத்து செருப்பைத் தாண்டிக் காலைச் சுடும்.

அந்த மணல் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். காட்டை வெட்டி, மேல்மண்ணை அகற்றி, அடியில் இருந்த ஈயமண்ணை நீரைப் பீய்ச்சிக் கரைத்து, பாலோங் எனப்படும் நீண்ட சாய்வான மரக்கால்வாயில் ஓடவிடுவார்கள். கனமான ஈயத்தாது அதன் தடுப்புகளில் தங்கிவிடும். மணல் அருகிலேயே குவியும். களிமண்ணோ நீரோடு சென்று தொலைவிலுள்ள குட்டையில் படியும். இயற்கை நெடுங்காலம் கலந்து வைத்திருந்ததை மனிதன் சலித்துப் பிரித்துவிட்டான். களிமண்ணும் மக்கிய இலைதழையும் இல்லாத மணலில் பெய்யும் மழை நிற்பதில்லை. நாம் இடும் உரமும் அந்த மழையோடு கீழே இறங்கிவிடுகிறது. நாட்டில் மழைக்குப் பஞ்சமில்லை, ஆனால் அதைப் பிடித்து வைக்க மண்ணில்லை.

1985-இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தபின் லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நகரத்தை ஒட்டியிருந்தவற்றுக்கு மறுவாழ்வு எளிதாகக் கிடைத்தது. தித்திவங்சா ஏரியும் சுங்கை பீசியின் பெரிய ஏரியும் ஒரு காலத்து ஈயக் குட்டைகள்தாம். நீர் நிறைந்த குழியை ஏரி என்று அழைத்துப் பூங்கா அமைத்துவிடலாம். மணல்மேட்டைக் காடு என்று அழைத்துவிட முடியாது.

ஆனால் அது காடாகவே ஆகும் என்பதற்குச் சான்று இங்கிருந்து அரைமணி நேரப் பயணத்தில் இருக்கிறது. கெப்போங்கில் இன்று வன ஆய்வுக் கழகம் இருக்கும் நிலத்தை 1920-களில் வனத்துறையினர் கையில் எடுத்தபோது, அங்கே ஈயம் தோண்டிக் கைவிட்ட குழிகளும் காய்கறித் தோட்டங்களுமே இருந்தன. அங்கே மரம் மரமாக நட்டு வளர்த்த காட்டை யுனெஸ்கோ 2025-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அங்குள்ள காப்பூர் மரங்களின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், ஒன்றன் உச்சி மற்றொன்றைத் தொடாமல் விலகி நிற்க, இடையில் வானம் ஓடைபோல் வளைந்து தெரியும். நம் கோயில்களில் மணக்கும் பச்சைக் கற்பூரத்தைத் தந்தது இந்த இன மரம்தான். அந்தக் கற்பூரத்துக்குப் பேர்போன சுமத்திராவின் பாரூஸ் துறையில் நம் வணிகர்கள் 1088-இல் தமிழ்க் கல்வெட்டே நாட்டியிருக்கிறார்கள். சொல்ல வந்ததை விட்டு விலகிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காப்பூரையும் மெராந்தி என்னும் மழைக்காட்டு மரத்தையும் நேராக மணலில் நட்டால் அவை பிழைப்பது அரிது. குழியில் செம்பனை எனப்படும் எண்ணெய்ப்பனையின் குலைச் சக்கை போன்ற மக்கும் பொருளை இட்டு, வெயில் தாங்கும் மரங்களை முன்னே வளர்த்து, அவற்றின் சருகு படிந்து நிழல் விழுந்த பிறகே காட்டுமரங்களைக் கொண்டுவர வேண்டும். காற்றிலுள்ள நைட்ரஜனை வேர் முடிச்சுகளில் சேர்க்கும் அக்கேசியா மாஞ்சியம் இந்த முதல் வேலையை நன்றாகச் செய்யும். எனினும் 1966-இல் சபா மாநிலத்துக்குக் கொண்டுவரப்பட்ட அந்த மரம், வெயில் விழும் இடமெல்லாம் தானே முளைத்துப் பரவக்கூடியது. அதை மட்டும் நட்டுவிட்டுக் காடு வளர்த்தோம் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அது செவிலி, நற்றாய் அல்ல. உரிய காலத்தில் அது விலகியே ஆகவேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு துணையும் தேவை. மெராந்தி இன மரங்களின் வேர்கள் சில பூஞ்சைகளோடு கூட்டுச் சேர்ந்தே சத்தையும் நீரையும் தேடுகின்றன. கழுவிய மணலில் அந்தப் பூஞ்சை இருப்பதில்லை. ஆகவே தாய்மரத்தடி மண்ணில் ஒரு பிடியை நாற்றங்காலிலேயே கலந்துவிடுவது, பிறகு மூட்டை மூட்டையாக உரம் கொட்டுவதைவிடப் பயன் தரும்.

கன்று நடும் விழாவுக்கு அடுத்த முறை உங்களுக்கு அழைப்பு வந்தால், கட்டாயம் போங்கள். போனதும், முன்பு நட்டவற்றில் எத்தனை உயிரோடு இருக்கின்றன, குழிக்குள் என்ன இட்டீர்கள், ஐந்தாம் ஆண்டில் யார் வந்து பார்ப்பார்கள் என்று கேளுங்கள். ஒரு விழாவில் நான் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை, தேநீர் வந்தது.