பந்துக்கு ஒரு சன்னதி

எல்லோருக்கும் வணக்கம். ஆட்டத்தில் ஜெயிக்க வேண்டுமென்று ஜப்பானிய வீரர்கள் வேண்டிக்கொள்ளும் கோயில் கியோட்டோவில் இருக்கிறது. பெயர் ஷிராமினே ஜிங்கு. இமாதெகாவா தெருவில், பழைய அரண்மனைக்குப் பக்கத்தில். உள்ளே போனதும் கண்ணில் பட்டவை பந்துகள். கால்பந்து, கைப்பந்து என்று அணிகள் காணிக்கையாகக் கொடுத்தவை வரிசையாக இருந்தன.

அந்த இடம் ஒரு காலத்தில் அசுகாய் குடும்பத்தாரின் வீடு. கெமாரி என்ற பந்தாட்டத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள். பந்தின் தெய்வமான செய்தாய்ம்யோஜினை வீட்டிலேயே வைத்துக் கும்பிட்டார்கள். அந்தச் சன்னதி இன்றும் அங்கே இருக்கிறது.

கெமாரியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். நான்கு மூலையில் நான்கு மரங்கள், நடுவே எட்டுப் பேர், மான்தோலில் செய்த ஒரு பந்து. கீழே விழாமல் உதைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். கோல் கிடையாது, எதிரணி கிடையாது, ஜெயித்தவர் தோற்றவர் கிடையாது. அடுத்தவர் சுலபமாக வாங்கி உதைக்கிற மாதிரி பந்தைக் கொடுப்பவர்தான் கெட்டிக்காரர். வெற்றி கேட்டு வருகிறவர்கள் கும்பிடுவது இந்த ஆட்டத்தின் தெய்வத்தைத்தான்! எனக்கு அங்கேயே மனசு நின்றுவிட்டது.

12ஆம் நூற்றாண்டில் நரிமிச்சி என்ற பிரபு ஆயிரம் நாள் விடாமல் கெமாரி பழகினாராம். கடைசி நாள் இரவு குழந்தை முகமும் குரங்கு உடம்புமாக மூன்று பந்துத் தேவதைகள் அவர் முன்னால் வந்து நின்றன என்பது கதை. உதைக்கும்போது ஆட்டக்காரர்கள் எழுப்பும் 'அரி', 'ஓ' என்ற குரல்கள் அந்தத் தேவதைகளைக் கூப்பிடுவதுதான் என்பார்கள்.

சரி, கோயிலின் மூலவர் யார்? சுதோகு பேரரசர். 1156இல் அரியணைக்காக நடந்த ஹோகென் போரில் தோற்று, ஷிகோகு தீவில் இருக்கும் சனுகிக்கு நாடு கடத்தப்பட்டு, 1164இல் அங்கேயே இறந்தவர். நாட்டில் எந்தக் கேடு வந்தாலும் அவருடைய கோபம் என்று பல நூற்றாண்டுகள் பயந்தார்கள். 1868இல் மெய்ஜி பேரரசர்தான் இந்தக் கோயிலை எழுப்பி, சுதோகுவின் ஆவியைக் கியோட்டோவுக்குத் திரும்ப அழைத்துவந்தார். எழுநூறு வருஷத்துக்கு அப்புறம் ஊர் திரும்பிய மனிதர். அவர் சன்னதியிலும் வெற்றி கேட்டு வரும் பிள்ளைகள் இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி குனிந்து கும்பிடுகிறார்கள். எனக்குக் கண் கலங்கியது.

ஏப்ரல் 14, ஜூலை 7 ஆகிய நாட்களில் அங்கே கெமாரி ஆடுவார்கள். நான் போன அன்று ஆட்டம் இல்லை. அந்த 'அரி' குரலைக் கேட்கவாவது இன்னொரு முறை போக வேண்டும்.