நெற்றிப் பட்டையும் அத்தோ கடைக் கணக்கும்

வணக்கம் நண்பர்களே. தொழில்முனைவு வகுப்புகளை நான் விடாமல் பின்தொடர்வது உங்களுக்குத் தெரியும். சென்ற வாரம் தண்டையார்பேட்டையில் ஒரு பயிற்சி மையத்தில், மாணவர்களின் நெற்றியில் மூளை அலைப் பட்டையை, அதாவது மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் பட்டையைக் கட்டிப் பாடம் நடத்தியதைப் பார்த்துவிட்டு வந்தேன்.

முதலில் அங்கே கண்ட எண்ணெய் விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகள் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்து வருபவர்கள். பட்டையிலோ பசை தடவாத உலர் மின்முனைகள். தோலுக்கு வந்து சேரும் மூளையின் மின்னழுத்தம் சில பத்து மைக்ரோவோல்ட் மட்டுமே என்பதால், எண்ணெய்ப் படலம் இருந்தால் திரையில் அலைக் கோடு தாறுமாறாக ஓடுகிறது. ஈரப் பஞ்சால் துடைத்தால், சிறிது நேரத்தில் வியர்வை. அதையும் துடைத்தபின் 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சல். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கியதும் அலை தெளிவாக வந்தபோது நான் கைதட்டியே விட்டேன்!

பாடம், அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்கும் கடையின் கணக்கு. ஒரு நாள் நிலைச்செலவு 900 ரூபாய், தட்டுக்கு 30 ரூபாய் மிச்சம் என்றால், 30 தட்டு விற்றால்தான் கையைக் கடிக்காது. ஒரு மாணவிக்கு, கணக்கை முடித்த பிறகும் முன்தலையில் தீட்டா அலை, அதாவது 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரையிலானது, உயர்ந்தபடியே இருந்தது. "இங்கே என்னம்மா யோசித்தாய்?" என்று ஆசிரியை கேட்டதற்கு, "இரவு மீந்துபோகும் நூடுல்ஸை எந்தச் செலவில் எழுதுவது, மிஸ்?" என்றாள். பாடக்குறிப்பில் இல்லாத அந்தக் கேள்விதான் கடை நடத்துபவரின் உண்மையான கேள்வி. அதை வெளியே கொண்டுவந்ததற்காகவே இக்கருவி எனக்குப் பிடித்துவிட்டது.

ஒன்றை விட்டுவிட்டேன்: தீட்டா உயர்வது மூளை உழைப்பதைக் காட்டலாமே தவிர, அது குழப்பமா, ஆழ்ந்த சிந்தனையா என்று சொல்லாது. மாணவியைக் கேட்டே ஆக வேண்டும். அதனால்தான், பட்டையின் பதிவை வைத்து ஒவ்வொருவருக்கும் போட்ட 'கவன மதிப்பெண்'ணையும் வரிசைப்படுத்தித் திரையில் காட்டியது எனக்கு அறவே பிடிக்கவில்லை. சீனாவின் ஜின்ஹுவாவில் ஒரு தொடக்கப் பள்ளி இத்தகைய பட்டைகளைப் பயன்படுத்தியபோது, கடும் எதிர்ப்பு எழுந்து 2019-இல் அது நிறுத்தப்பட்டது. திரையை அணைத்துவிட்டு, பதிவை ஆசிரியரும் அந்த மாணவரும் மட்டும் பார்த்தால் போதும்.

வாடிக்கையாளரிடம் பேசும் பயிற்சிக்கும் இப்பட்டை உதவாது. வாய் திறந்து பேசினாலே தாடைத் தசைகளின் மின்னோட்டம் மூளை அலையை மூழ்கடித்துவிடும். காசிமேட்டில் மீன் விற்கும் அக்காவிடம் விலை விசாரிக்கப் பிள்ளைகளை அனுப்பும்போது, பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அனுப்புங்கள்.