நிறம் போனால் போதுமா?

நேயர்களுக்கு வணக்கம். நொய்யல் ஆற்றுப் பாசனத்துக்கென்று கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் தேங்கும் இடமாகிப் போன கதையைக் கொங்கு நாட்டில் அறியாதவர் இல்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவால் பட்டறைகள் மூடப்பட்டு, கழிவுநீரை வெளியே விடாத முறையை ஏற்ற பிறகே அவை படிப்படியாக மீண்டும் இயங்கின. அந்தச் சுத்திகரிப்பில் நுண்ணுயிர்த் தொட்டியைத் தாண்டியும் சிதையாமல் வரும் சாயத்தை ஒளியின் துணையோடு உடைக்கும் முறையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

பருத்தித் துணிக்குப் போடும், நூலோடு வேதிவினை புரிந்து ஒட்டும் ரியாக்டிவ் சாயம் முழுவதும் பிடிப்பதில்லை. ஒரு பகுதி தண்ணீரோடு வினைபுரிந்து, இனி எந்தத் துணியிலும் ஒட்ட இயலாததாகிக் கழிவில் கலக்கிறது. வெயிலுக்கும் சலவைக்கும் அசையக் கூடாதென்றே ஆக்கப்பட்ட அந்த மூலக்கூறைக் காற்றூட்டிய தொட்டியில் உள்ள பாக்டீரியாக்களால் எளிதில் சிதைக்க முடிவதில்லை.

இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்தால் டார்டாரிக் அமிலம் விரைவாக ஆக்சிஜனேற்றம் அடைவதை 1894-இல் ஃபென்டன் என்னும் ஆங்கிலேய வேதியியலர் வெளியிட்டார். இவ்வினையில் பிறந்து, சாய மூலக்கூறையும் தாக்கி உடைக்கும் ஹைட்ராக்சில் தனி உறுப்பு (இணை சேராத எலக்ட்ரான் உள்ள துண்டு) ஓசோனையும் குளோரினையும் விட வலிய ஆக்சிஜனேற்றி. இருளிலும் இது நடக்கும். ஆனால் ஃபெரஸ் இரும்பு ஓர் எலக்ட்ரானை இழந்து ஃபெரிக்காக மாறித் தேங்கிவிடுவதால் சற்று நேரத்தில் வேகம் தளர்ந்துவிடும். ஒளி படும்போது அந்த ஃபெரிக் இரும்பு ஃபெரஸ் நிலைக்குத் திரும்புவதோடு, திரும்பும் வழியிலேயே இன்னொரு தனி உறுப்பையும் தருகிறது. டைட்டானியம் டை ஆக்சைடு தூளைக் கொண்டும் ஒளிவழி ஆக்சிஜனேற்றம் செய்யலாம். ஆயினும் அதற்குப் புற ஊதாக் கதிர் வேண்டும். வெயிலில் அக்கதிர் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்குதான். கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் ஒரு பகுதியைப் பயன்படுத்திக்கொள்ளும் இரும்பு முறையே நம் வெயிலுக்கு ஏற்றது என்பது என் கருத்து.

ரியாக்டிவ் பிளாக் 5 என்ற கருஞ்சாயம் கரைந்த நீரைக் கண்ணாடிக் குவளையில் எடுத்து, அமிலம் விட்டு, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவை 3-க்கு இறக்கி, ஃபெரஸ் சல்பேட்டைக் கரைத்து, பெராக்சைடு ஊற்றி வெயிலில் வைத்தால், கருநீலம் மெல்ல வெளிறி இளமஞ்சளில் வந்து நிற்கும். வேலை முடிந்தது என்று பலர் நிறுத்திக்கொள்வது இந்தக் கட்டத்தில்தான். இதை நான் ஏற்பதில்லை. அச்சாயத்துக்கு நிறம் தருபவை அதிலுள்ள இரண்டு அசோ பிணைப்புகள், அதாவது இரு நைட்ரஜன் அணுக்கள் சேர்ந்த இணைப்புகள். அவை அறுந்தவுடன் நிறம் போய்விடும். பென்சீன், நாப்தலீன் வளையங்கள் தண்ணீரிலேயே இருக்கும், அவற்றிலிருந்து பிறக்கும் துண்டுகளில் சில நச்சுத்தன்மை உடையவையாகவும் இருக்கக்கூடும். ஆகவே மொத்தக் கரிமக் கார்பன் எவ்வளவு குறைந்தது என்று அளந்து பார்த்தே முடிவு சொல்ல வேண்டும். மாசை வேதிமுறையில் ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவான சி.ஓ.டி.யை அளப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: மிச்சமிருக்கும் பெராக்சைடு அச்சோதனையில் இடும் டைக்குரோமேட்டுடன் வினைபுரிந்து, இல்லாத மாசை இருப்பதாகக் காட்டும், முதலில் அதை அகற்றியாக வேண்டும்.

பட்டறைத் தண்ணீரில் இரண்டு தடைகள் உண்டு. முதலாவது, சாயமே ஒளியை விழுங்கிவிடுவதால் அடர்ந்த கழிவில் ஒளி ஆழமாக இறங்காது. ஸ்பெயினின் அல்மேரியா ஆய்வு மையத்தில் ஒளியை எதிரொளிக்கும் வளைந்த கண்ணாடிகளுக்கு நடுவே மெல்லிய குழாய்களில் நீரைச் சுற்றவிடுவது போல, நாமும் மெல்லிய படலமாகவே ஓடவிட வேண்டும். மற்றது உப்பு. சாயம் பிடிப்பதற்காகக் கொட்டும் உப்பிலிருந்து வரும் குளோரைடு, தனி உறுப்புகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதோடு, குளோரின் ஏறிய கரிமச் சேர்மங்களையும் உண்டாக்கக்கூடும். காய்ச்சி வடித்த நீரில் சாயத்தைக் கரைத்துப் பெற்ற நல்ல முடிவுகளைப் பட்டறைக்கு அப்படியே பொருத்தக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். உப்பும் சோப்பும் கலந்த உண்மையான சாயத்தண்ணீரிலேயே சோதனை நடக்க வேண்டும்.

நுண்ணுயிர்த் தொட்டி தன்னால் இயன்றதைத் தின்று முடித்த பிறகு, உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. சவ்வுக்கு முன்னால் இந்தக் கட்டத்தை வைப்பதே சிக்கனம். எளிதில் சிதையும் மாசுக்காக விலை கொடுத்து வாங்கிய பெராக்சைடை வீணாக்க வேண்டியதில்லை. பிறகு சுண்ணாம்பு இட்டு நடுநிலையாக்கினால் துருநிறச் சேறு படியும். ஒளி அதே இரும்பைத் திரும்பத் திரும்ப வேலை வாங்குவதால், இருளில் செய்வதைவிடக் குறைந்த இரும்பு போதும், சேறும் குறையும். தெளிந்த நீரில் பெராக்சைடு மிச்சமில்லை என்று உறுதி செய்த பின்பே அதைச் சவ்வுக்கு அனுப்ப வேண்டும். இல்லையேல் அது சவ்வையும் அரித்துவிடும். வணக்கம்.