37 நிமிடம் பேசினார்கள், முதல் சண்டையே தொலைபேசியைப் பற்றி!

[திரையில்: சிவப்புத் தொலைபேசி ஒன்று]

தேர்தலுக்கு இன்னும் இரண்டரை மாதம்கூட இல்லை. தெருவெங்கும் கலவரம். நாட்டின் பிரதமர் எதிர்க்கட்சித் தலைவியைத் தொலைபேசியில் அழைக்கிறார். இருவரும் முதலில் எதற்காக மோதினார்கள் தெரியுமா? "உங்கள் வீட்டுத் தொலைபேசி மணி அடித்ததா, இல்லையா?"

வங்கதேசத்தின் அன்றைய பிரதமர் ஷேக் ஹசீனா, எதிர்க்கட்சித் தலைவி காலிதா ஜியா. முன்கதையை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். ஹசீனாவின் தந்தை, நாட்டை நிறுவிய தலைவர் முஜிபுர் ரஹ்மான் 1975 ஆகஸ்ட் 15 அன்று குடும்பத்தோடு கொல்லப்பட்டார். காலிதாவின் கணவர், அதிபராக இருந்த ஜியாவுர் ரஹ்மான் 1981-இல் கொல்லப்பட்டார். 1990-இல் ராணுவ ஆட்சியாளர் எர்ஷாதை வீழ்த்த இருவரும் ஒரே பக்கம் நின்றார்கள். அதன்பின் மாறி மாறிப் பிரதமர் ஆனார்கள்.

[திரையில்: 2013 அக்டோபர் 26]

இனிமேல்தான் கவனமாகக் கேளுங்கள். தேர்தலை நடுநிலையான இடைக்கால அரசு நடத்த வேண்டும் என்று கேட்டு, மறுநாள் முதல் 60 மணி நேர ஹர்த்தால், அதாவது முழு அடைப்பு, அறிவித்திருந்தார் காலிதா. அதைக் கைவிட்டு 28-ஆம் தேதி விருந்துக்கு வாருங்கள் என்று அழைக்கத்தான் ஹசீனா பேசினார். ஆனால் பேச்சு காலிதாவின் வீட்டில் அரசு கொடுத்திருந்த சிவப்புத் தொலைபேசியிலேயே சிக்கிக்கொண்டது. பகலில் பலமுறை அடித்தேன், நீங்கள் எடுக்கவில்லை என்கிறார் ஹசீனா. அது செத்துப்போய் வெகுகாலம் ஆகிறது என்கிறார் காலிதா. இவர் விடவில்லை, அவரும் விடவில்லை! நடுவில் ஆகஸ்ட் 15 வருகிறது. என் தந்தை இறந்த நாளில் நீங்கள் பிறந்தநாள் கேக் வெட்டுகிறீர்களே என்று ஹசீனா கேட்கிறார். அன்றைக்கு யாருமே பிறக்கக் கூடாதா என்கிறார் காலிதா. எனக்கு உடல் சிலிர்த்த இடம் இதுதான். 38 ஆண்டுப் புண் அந்தக் கம்பி வழியாக வெளியே கொட்டுகிறது.

ஒலிப்பதிவு தொலைக்காட்சியில் வந்தது, நாடே கேட்டது. ஹர்த்தால் நிற்கவில்லை, விருந்தும் நடக்கவில்லை. 2014 ஜனவரித் தேர்தலைக் காலிதாவின் கட்சி புறக்கணித்தது. 300 தொகுதிகளில் 153-இல் போட்டியே இல்லை. அத்தனை தொகுதி மக்களின் வாக்குரிமை பறிபோனதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

[திரையில்: பூட்டிய வாயிற்கதவு]

2015 ஜனவரி 24. காலிதாவின் இளைய மகன் மலேசியாவில் இறந்துபோகிறார். அன்றிரவே ஹசீனா துக்கம் விசாரிக்க டாக்காவின் குல்ஷானில் உள்ள காலிதாவின் அலுவலகத்துக்குப் போகிறார். கதவு உள்ளே பூட்டியிருக்கிறது. தூக்க ஊசி போட்டு அவரை உறங்க வைத்திருக்கிறோம் என்கிறார்கள் உதவியாளர்கள். சில நிமிடம் நின்றுவிட்டு ஹசீனா திரும்பிப் போகிறார்.

அந்தக் கதவுக்குப் பின்னால் நீங்கள் இருந்திருந்தால் திறந்திருப்பீர்களா? கமெண்டில் எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிக்கிறேன்.