கரண்ட் கண்ணுக்குத் தெரியுமா நடுவரே? ("நம்பாத வீடே" அணியில பேசினது)

நடுவர் அய்யாவுக்கும், எதிர்ல உக்காந்திருக்குற அணிக்கும், ஞாயித்துக்கிழமை சாயங்காலத்த எங்களுக்காக ஒதுக்கிட்டு வந்திருக்குற எல்லாருக்கும் வணக்கம்ங்க. தலைப்ப ஒரு தடவ திரும்ப சொல்லிக்கிறேன். தீராத வலியோட வாழ்றவங்கள அதிகமா வாட்டுறது உடம்பு வலியா, நம்பாத வீடா. நான் நம்பாத வீடுதான்னு பேச வந்திருக்கேன். இந்தப் பக்கம் பேசுறவரு வலியில கஷ்டப்பட்டவரா இருப்பாருனு நினைச்சிருப்பீங்க, நான் அவரு இல்லைங்க. நான்தான் அந்த வீடு. ஆறு வருஷம் நம்பாம இருந்த வீடு.

என் மனைவிக்கு ஃபைப்ரோமயால்ஜியானு ஒரு நோய். பேரு வாயில நுழையவே எனக்கு ஒரு மாசம் ஆச்சு. ரெண்டாவது பையன் பொறந்து ஒரு வருஷம் இருக்கும், தோள்ல ஆரம்பிச்சுது, அப்புறம் இடுப்பு, அப்புறம் தொடை, கை, கழுத்துனு உடம்பு பூரா. காலையில எந்திரிக்கும்போதே அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குன்னு சொல்லுவா. எட்டு மணி நேரம் தூங்குனவளுக்கு எப்படி அசதினு நான் கேப்பேன். ஒரு நாள் குடைச்சல்ம்பா, ஒரு நாள் உளைச்சல்ம்பா, ஒரு நாள் எரியுதும்பா. நானும் எங்கம்மாவும் என்ன நினைச்சோம் தெரியுமா, ஒரே வலியா இருந்தா ஒரே மாதிரிதானே சொல்லணும், தினம் ஒண்ணு சொல்றாளேன்னு. நம்ம பாஷையில வலிக்கு அத்தனை வார்த்தை இருக்குங்க, குத்தல், கடுப்பு, விண்ணுவிண்ணுனு தெறிக்கிறதுன்னு. அவ அத்தனையும் சரியாத்தான் சொல்லியிருக்கா, காதுல வாங்குனவன்தான் சரியில்ல.

டெஸ்ட் எடுக்காத இடம் கிடையாது. வீக்கம், வாதம் இருக்கானு பாக்குற ஈஎஸ்ஆர், சிஆர்பி, ஆர்ஏ ஃபேக்டர், அப்புறம் தைராய்டு, விட்டமின் டி, முதுகுக்கு எக்ஸ்ரே. எல்லாம் நார்மல். நார்மல்னு ரிப்போர்ட் வந்த அன்னைக்கு நான் சந்தோஷமா ஸ்வீட் வாங்கிட்டு வர்றேன், இவ சமையக்கட்டுல நின்னு அழுதுட்டு இருக்கா. எனக்குக் கோவம் வந்துருச்சு, நோய் இல்லன்னு சொன்னதுக்கு அழுற ஆள இப்பதான் பாக்குறேன்னு சொல்லிட்டேன். அவ எதுக்கு அழுதான்னு இப்ப தெரியுதுங்க. அந்தப் பேப்பர் வந்ததுலேருந்து வீட்டுல அவ வாய் தொறக்க முடியாது. "அதான் ஒண்ணும் இல்லனு சொல்லிட்டாங்கல்ல", இந்த ஒரு வரி போதும் எங்க எல்லாருக்கும்.

எதிரணித் தலைவரு டீச்சரம்மா நல்லாப் பேசுனாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு முதுகு பிடிச்சுக்கும்போது அத வீடா வந்து தாங்கும், வலிச்சவதானே தாங்கணும், வீடு நம்பினா மட்டும் வலி எறங்கிருமானு கேட்டாங்க. நியாயமான கேள்விம்மா. எறங்காது, ஒத்துக்குறேன். ஆனா அந்த ரெண்டு மணிக்கு என் மனைவி என்ன செஞ்சா தெரியுமா, சத்தம் போடாம போர்வைய வாயில கவ்விக்கிட்டு படுத்திருந்தா. முனகுனா நான் முழிச்சுக்குவேன், முழிச்சா "திரும்பவும் ஆரம்பிச்சுட்டியா"னு கேப்பேன். வலியத் தாங்குறது ஒரு வேலை, மறைக்கிறது இன்னொரு வேலை. முதல் வேலைய நோய் கொடுத்துச்சு, ரெண்டாவது வேலைய நான் கொடுத்தேன்.

நடுவுல எனக்கு பைக் சறுக்கி கால் எலும்பு முறிஞ்சுது. ஆறு வாரம் மாவுக்கட்டு. ஊரே வந்துச்சுங்க வீட்டுக்கு, ஆப்பிளு, சாத்துக்குடி, ஆர்லிக்ஸு, வைக்க இடமில்ல. வந்தவங்க எல்லாம் கட்டத் தொட்டுப் பாத்துட்டு ரொம்ப வலிக்குதாப்பானு கேட்டாங்க. எனக்கு நாலாவது நாளே வலி நின்னு போச்சு, அரிப்புதான் இருந்துச்சு. வந்தவங்களுக்கெல்லாம் காப்பி போட்டு எடுத்துட்டு வந்து நின்னவளுக்குத்தான் அன்னைக்கும் உடம்பு பூரா வலி. என்னைப் பிடிச்சு பாத்ரூம் கூட்டிட்டுப் போனதும் அவதான். அந்த ஆறு வாரத்துல ஒருத்தர்கூட அவளப் பாத்து உனக்கு எப்படிம்மா இருக்குனு கேக்கல, நானும் கேக்கல. வெள்ளையா ஒரு கட்டு இருந்தா நம்புறோம், இல்லன்னா நம்புறதில்ல, அவ்வளவுதாங்க நம்ம பார்வை.

எனக்குத் தொழில் எலெக்ட்ரிகல் வயரிங். இருபது வருஷமா செய்றேன். ஒரு வீட்டுல ஆர்சிசிபி, அதாங்க கரண்ட் எங்கயாவது கசிஞ்சா தானா விழுந்து லைன அணைக்கிற சுவிட்சு, அது சும்மா சும்மா ட்ரிப் ஆகுதுன்னு போன் வரும். போய்ப் பாத்தா வயர் கருகல, எங்கயும் பொறி இல்ல, எல்லாம் பாக்க நல்லா இருக்கும். உங்களுக்கு மனப்பிரமைனு வீட்டுக்காரர்கிட்ட ஒரு நாளாவது சொல்லியிருப்பனா? ஒவ்வொரு லைனா கழட்டி எங்க லீக்கேஜ்னு தேடுவேன், ஒரு நாள் முழுக்க ஆனாலும் தேடுவேன். சில சமயம் லைன்ல குத்தமே இருக்காது, ஆர்சிசிபியே கெட்டுப் போயிருக்கும், 30 மில்லிஆம்ப் கசிஞ்சா விழ வேண்டியது அஞ்சுக்கும் ஆறுக்குமே விழுந்துட்டு இருக்கும். கரண்ட நான் கண்ணால பாத்ததே இல்லைங்க. இருக்குன்னு நம்பித்தான் இருபது வருஷம் சம்பாதிச்சேன். அதே ஆளு வீட்டுக்கு வந்து பொண்டாட்டிகிட்ட, எங்க வலிக்குது காட்டுன்னு நின்னேன்.

கடைசியில ஒரு மூட்டு வாத டாக்டர்தான் அரை மணி நேரம் உக்காந்து அவ சொன்னத முழுசா கேட்டாரு. அவரு எனக்குப் புரிய வச்சதும் ஏறக்குறைய இந்த ஆர்சிசிபி கதைதான். சதையிலயோ மூட்டுலயோ தேய்மானம் இல்ல, வலிய உணர்ற மூளையும் நரம்பும் அளவுக்கு மீறி உஷாரா இருக்கு, அதனாலதான் ரத்த டெஸ்ட்ல சிக்காது. 2002ல அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி, இந்த நோய் இருக்குற 16 பேரு, இல்லாத 16 பேரு, கட்டைவிரல் நகத்து மேல அழுத்தம் கொடுத்துகிட்டே மூளைய எம்ஆர்ஐல பாத்திருக்காங்க. நோய் இருக்குறவங்களுக்கு லேசா அழுத்துனதுக்கே, மத்தவங்களுக்கு பலமா அழுத்துனா மூளையில எங்கெங்க வேலை நடக்குமோ அங்கெல்லாம் நடந்திருக்கு. நடிக்கிறவங்க மூளைய இப்படி நடிக்க வைக்க முடியாது அய்யா.

இன்னொண்ணு கேளுங்க, என் கட்சிக்கு இதுதான் முக்கியமான சாட்சி. 1990ல இந்த நோயக் கண்டுபிடிக்க டாக்டருங்க ஒரு முறை வச்சிருந்தாங்க, உடம்புல 18 இடத்துல விரலால அமுக்கணும், 11 இடமாவது வலிக்கணும். 2010ல அந்த அமுக்குற முறை இல்லாமயே கண்டுபிடிக்க புது முறை கொண்டு வந்தாங்க. எங்கெங்க வலிக்குது, எந்திரிக்கும்போது அசதி இருக்கா, ஞாபகம் தடுமாறுதானு நோயாளியக் கேட்டு, அவங்க சொல்றத வச்சு மார்க் போடுறாங்க. 2020ல உலக அளவுல வலிய ஆராயுற சங்கம், அவங்க 1979லேருந்து வச்சிருந்த வலிக்கான விளக்கத்த மாத்தி எழுதுனப்ப கூடவே ஒண்ணு சேத்தாங்க, ஒருத்தர் தனக்கு வலிக்குதுன்னு சொன்னா அந்தச் சொல்ல மதிக்கணும்னு. உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல்ல, 2022 ஜனவரியிலேருந்து நடைமுறையில இருக்குற புதுசுல, மூணு மாசத்துக்கு மேல நீடிக்கிற வலிக்கு தனி இடமே இருக்கு, வலியே ஒரு நோயா இருக்கலாம்னு ஒத்துக்கிட்டாங்க. மருத்துவ உலகம் தன் விரல நம்புறத விட்டு நோயாளி வாய்ச்சொல்ல நம்புற இடத்துக்கு வந்துருச்சு. எங்க வீட்டு நடைக்கு அது வரவே இல்லையே.

அடுத்து பேசுன தம்பி, வீட்டுல இருக்குறவங்களும் மனுஷங்கதானே, எத்தனை வருஷம்தான் அனுசரிப்பாங்கன்னு கேட்டாரு. தம்பி, அலுப்பு வரும், எனக்கும் வந்துச்சு, இன்னைக்கும் சில நாள் வருது. அலுத்துப் போறது வேற, பொய்னு சொல்றது வேற. "இன்னைக்கு என்னால முடியலம்மா, ஓட்டல்ல வாங்கிக்கலாம்"னு சொன்னா அவ ஒண்ணும் நினைக்க மாட்டா. "நோகாம நுங்கு திங்கப் பாக்குறா"னு சொன்னா பாருங்க, அது எறங்காது. எங்க வீட்டுல அது சொல்லப்பட்டுச்சு, நான் தடுக்கல.

நம்பாததுனால மனசு மட்டும்தான் நோகும்னு நினைக்காதீங்க, வைத்தியமே கெட்டுப் போகும். இந்த நோய்க்கு வைத்தியம் எப்படினு ஐரோப்பாவுல வாத நோய் டாக்டருங்க 2017ல சேந்து பரிந்துரை எழுதுனாங்க, அதுல கண்டிப்பா செய்யணும்னு அழுத்திச் சொன்னது உடற்பயிற்சி ஒண்ணத்தான். எங்க டாக்டரும் கொஞ்சம் கொஞ்சமா நடக்கச் சொன்னாரு. இவ சாயங்காலம் பதினஞ்சு நிமிஷம் தெருவுல நடந்தா. நாலாவது நாளே வீட்டுல பேச்சு, வாக்கிங் போகத் தெரியுது, மாவாட்ட மட்டும் வலிக்குதான்னு. நடக்குறத நிறுத்திட்டா. டுலாக்ஸெட்டின்னு ஒரு மாத்திரை கொடுத்தாரு, அமெரிக்காவுல 2008லயே இந்த வலிக்கு அனுமதிச்ச மாத்திரை. என் தம்பி போன்ல தேடிப் பாத்துட்டு, அண்ணே இது டிப்ரஷனுக்குக் கொடுக்குறதுன்னான். அந்த மருந்து ரெண்டுக்கும்தாங்க கொடுப்பாங்க, நரம்பு வழியா போற வலிய அடக்கும். அதக் கேக்க யாருக்குப் பொறுமை, பாத்தியா நான் சொல்லல, எல்லாம் மனசுதான்னு வீடே பேசுச்சு. பத்து நாள்ல டாக்டரக்கூட கேக்காம மாத்திரைய நிறுத்திட்டா, தலைசுத்தல்ல ரெண்டு நாள் எந்திரிக்கல. இப்ப சொல்லுங்கம்மா டீச்சர், அந்த ரெண்டு நாள் யார் கணக்கு? நோய் கணக்கா, எங்க கணக்கா?

கல்யாண வீட்டுக்குப் போவா, மாத்திரை போட்டுட்டு, பல்லக் கடிச்சுகிட்டு, சொந்தக்காரங்ககூட சிரிச்சுப் பேசுவா. அடுத்த மூணு நாள் படுத்த படுக்கை. அந்த மூணு நாள யாரு பாத்தா? கல்யாணத்துல நல்லாத்தானே இருந்தானு அந்த மூணு மணி நேரத்ததான் எல்லாரும் சாட்சிக்குக் கூப்பிடுவாங்க. அப்புறம் அவ விசேஷத்துக்குப் போறதையே விட்டுட்டா. சிரிச்சாக்கூட அது தனக்கு எதிரா போயிரும்னு ஒரு மனுஷி பயந்து வாழ்றது எவ்வளவு பெரிய கொடுமைங்க, எந்த வலியாவது ஒருத்தர்கிட்ட சிரிக்காதேன்னு சொல்லுமா?

கவர்மெண்ட்டுகிட்ட போகலாமேன்னு கேப்பீங்க. 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல 21 வகை இருக்கு, ஃபைப்ரோமயால்ஜியா அதுல இல்ல. அப்ப அவ சொல்றது உண்மைனு ஒத்துக்க இருந்த ஒரே இடம் வீடுதான். அங்கயும் ஆறு வருஷம் கையெழுத்து விழல.

எங்கம்மாவப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும், அவங்கள வில்லியா காட்டிட்டு நான் எறங்கக் கூடாது. டாக்டர் சொன்னதெல்லாம் அம்மாகிட்ட ஒரு நாள் ராத்திரி பொறுமையா உக்காந்து சொன்னேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தவங்க, எனக்கும் உன்னப் பெத்ததுலேருந்து இடுப்பு இப்படித்தாண்டா, உங்கப்பாகிட்ட ஒரு தடவ சொன்னேன், அப்புறம் சொல்லலன்னாங்க. மறுநாள் காலையில மாவரைக்க கிரைண்டர அவங்களே கழுவிப் போட்டாங்க.

மூணாவது வரிசையில ஓரத்து சேர்ல என் மனைவி உக்காந்திருக்கா. முதுகுக்கு ஒரு தலைகாணி கொண்டு வந்திருக்கோம். நடுவுல எந்திரிச்சு வெளிய போனா பேச்சு பிடிக்காம போறாங்கன்னு நினைக்க வேண்டாம், ஒரே இடத்துல ரொம்ப நேரம் உக்காந்தா இறுகிப் போயிரும்.

மணி அடிச்சுட்டீங்க அய்யா, ஒரே நிமிஷம். டாக்டர் எங்கிட்ட ஒண்ணு சொல்லி அனுப்புனாரு, காலையில எந்திரிச்சதும் பூஜ்யத்துலேருந்து பத்துக்குள்ள வலி எவ்வளவுன்னு அவங்கள கேளுங்கன்னு. முதல் நாள் கேட்டேன். அவ என்னையே கொஞ்ச நேரம் பாத்தா. எதுக்குக் கேக்குறீங்கன்னா. சும்மாதான் சொல்லேன்னேன். எட்டுன்னா. சரி, நீ படு, புள்ளைங்களுக்கு நான் உப்புமா கிண்டித் தர்றேன்னு சொல்லிட்டு வெந்நீர் பையில தண்ணி ஊத்திக் கொடுத்தேன். உப்புமா அடிப்பிடிச்சுது. எட்டரை மணிக்கு எந்திரிச்சு வந்து வாசப்படியில உக்காந்து, ஆறு வருஷத்துல முதல் தடவையா, நான் கேக்காமயே எங்கிட்ட பேசுனா, எங்க ஆரம்பிக்கும், எப்படிப் பரவும், எந்த வேலை செஞ்சா கூடும்னு ஒரு மணி நேரம் பேசுனா. கடைக்குப் போகலியானு யாரோ போன் பண்ணாங்க, கட் பண்ணிட்டேன். பேசி முடிச்சதும் இப்ப எவ்வளவுன்னு கேட்டேன்.

எட்டுதான்னா. சொல்லிட்டு சிரிச்சா.

வலி அதே எட்டு, நடுவரே. அன்னைக்கு அவ தலையிலேருந்து எறங்குனது எதுன்னு நீங்க தீர்ப்புல சொல்லுங்க. நன்றி, வணக்கம்.