கம்பளி விரிப்பை வாங்குமுன் கரையைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கல்யாண வீட்டில் பவானி ஜமக்காளத்தில் உட்காராதவர் நம்மில் குறைவு. நீளவாக்கில் ஓடும் பாவு நூல் அதில் தெரியாது. குறுக்கே போகும் ஊடையை அடித்து நெருக்கி, பாவையே மூடிவிடுவார்கள். உத்தரப்பிரதேசத்தில் மிர்ஜாப்பூர், பதோஹி பக்கம் நெய்கிற ‘தரி’ என்கிற கம்பளி விரிப்பும் இதே கட்டுதான். பாவு பருத்தி, ஊடை கம்பளி. முடிச்சு கிடையாது, இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும், புரட்டியும் போடலாம்.

இதில் எல்லாம் ஊடையை விடுகிற கையில் இருக்கிறது. நெசவாளர் கம்பளி இழையை நேராக இழுத்துப் போடமாட்டார். சின்னக் குன்று மாதிரி வளைத்து விட்டு, பஞ்சா என்கிற இரும்புச் சீப்பால் அடித்து இறக்குவார். ஏன் வளைக்க வேண்டும்? ஒவ்வொரு பாவு நூலுக்கும் மேலும் கீழுமாக ஏறி இறங்கிப் போகிற இழைக்கு நேர்க்கோட்டைவிட அதிக நீளம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் இரண்டு ஓரத்தையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆறடியில் தொடங்கிய விரிப்பு நடுவில் இடுப்பு ஒடுங்கிப்போகும். சரி, தாராளமாக விட்டால்? அங்கங்கே மேடு தட்டும், கால் இடறும். அதனால் வாங்கும்போது பூவேலையை அப்புறம் பாருங்கள், முதலில் கரை. தரையில் விரித்து, முனை, நடு, மறுமுனை என மூன்று இடத்தில் அகலத்தை அளந்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும்.

அடுத்தது நிறம் மாறும் இடம். சிவப்பும் நீலமும் பாவின் போக்கில் நேர்க்கோடாகச் சந்தித்தால், இரண்டு ஊடையும் அவரவர் எல்லையிலேயே திரும்பிவிடும். நடுவே கீறல் மாதிரி இடைவெளி விழும். கிலிம் என்கிற துருக்கி விரிப்புகளில் படிப்படியான சாய்வு வடிவம் அதிகமாக வருவதே கீறலைக் குட்டையாக்கத்தான். நீண்ட கீறல் இருந்தால் சாப்பாட்டு மேசைக்கு அடியில் போடாதீர்கள், நாற்காலிக் கால் மாட்டும். ஓட்டல் வரவேற்பறைக்கு, இரண்டு ஊடையையும் ஒன்றோடொன்று கோத்து நெய்ததைக் கேளுங்கள்.

கம்பளிதானா என்று சந்தேகமா? ஊடையிலிருந்து ஓர் இழை கேட்டு வாங்கிக் கொளுத்துங்கள். குஞ்சத்தில் பிய்க்காதீர்கள், அது பாவு, பருத்தி! கம்பளி என்றால் முடி பொசுங்கும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். உருகிக் கெட்டி மணியானால் செயற்கை இழை. கம்பளி சட்டென்று தீப்பிடிக்காது; ஆள் நடமாட்டமுள்ள கட்டடங்களில் அதற்கு மதிப்பு இருப்பது இதனாலும்தான்.

நேரம் முடிகிறது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். பராமரிப்பைப் பற்றி நிறைய வைத்திருந்தேன், ஓட்டமாகச் சொல்கிறேன். பிளீச்சிங் வேண்டவே வேண்டாம், குளோரின் கம்பளியைக் கரைக்கும். வெந்நீரில் கசக்கினால் சுருங்கும். பூச்சி வெளிச்சத்தில் இருக்காது, சோபாவுக்கு அடியில்தான் அரிக்கும். மாதம் ஒருமுறை புரட்டித் தட்டுங்கள். வழுக்காமலிருக்க அடிவிரிப்பு போடுங்கள், சுற்றிலும் ஓர் அங்குலம் குறைவாக வெட்டி. வணக்கம்.