தோள் எலும்பிலிருந்து தொடங்குவோம்

வணக்கம். ரேசிங் சைக்கிளின் ஹேண்டில் அகலத்தைப் பற்றிப் பேச வாருங்கள் என்று அழைத்தபோது கொஞ்சம் திகைத்தேன். படம் காட்ட முடியாத வானொலியில் இதை எப்படிச் சொல்வது? பிறகு யோசித்தால், அளக்க வேண்டிய பொருள் கேட்கிறவர்களிடமே இருக்கிறது. ஆகவே சமையலறையிலோ வராந்தாவிலோ இருப்பவர்கள் ஒரு கையை மட்டும் விடுவித்துக்கொள்ளுங்கள். வாகனம் ஓட்டிக்கொண்டு கேட்பவர்கள் வேண்டாம், வீட்டுக்குப் போய்ச் செய்யலாம்.

வலது கை விரல்களை இடது கழுத்தடியில் வையுங்கள். காறை எலும்பின் மேலாகத் தோளின் நுனியை நோக்கி மெதுவாக நகர்த்துங்கள். ஓரத்துக்குக் கிட்ட ஒரு சின்ன மேடு தட்டுப்படும். இப்போது இடது கையைப் பக்கவாட்டில் கொஞ்சம் உயர்த்தினால், அந்த மேட்டுக்கு அப்பால் ஓரிடம் குழியும். மேடு முடிந்து குழி தொடங்கும் விளிம்புதான் நமக்கு வேண்டியது. மற்றப் பக்கத்து விளிம்பையும் கண்டுபிடித்து, சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, வீட்டில் ஒருவரைக் கொண்டு இரண்டுக்கும் நேரே பென்சிலால் கோடு போடுவியுங்கள். இரண்டு கோட்டுக்கும் இடையில் உள்ள தூரம்தான் உங்கள் தோள் எலும்பின் அகலம். சட்டைக்குத் தையற்காரர் எடுத்த அளவு இதற்கு உதவாது. அது முதுகின் வளைவைச் சுற்றி எடுத்தது, கூடுதலாகவே இருக்கும்.

சரி, இந்த அளவு எதற்கு? நான் சொல்வது ஆட்டுக்கொம்பு மாதிரிக் கீழே வளைந்த ஹேண்டில் உள்ள சைக்கிளை. ஊரில் அப்பாமார் ஓடிய சைக்கிளில் ஹேண்டில் நம்மை நோக்கித் திரும்பி வரும். நிமிர்ந்து உட்கார்ந்து ஓடலாம், கையில் பாரம் விழாது. அகலத்தைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. கொம்பு ஹேண்டிலில் உடம்பு முன்னால் சாய்கிறது. பாரத்தில் ஒரு பங்கு உள்ளங்கைக்கு வருகிறது. கை தோளுக்கு நேரே இருந்தால் அந்தப் பாரத்தை எலும்பு தாங்கும். விலகிப் போனால் தசை தாங்க வேண்டும். தண்டால் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். கையை அகலமாக ஊன்றி எடுக்கும் தண்டாலும், தோளுக்கு நேரே ஊன்றி எடுப்பதும் ஒன்றல்லவே.

எனக்கு இது பட்டுத்தான் விளங்கியது. 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்று நின்று அலுத்துப் போய், அரைப் பழசாக ஒரு ரேசிங் சைக்கிள் வாங்கினேன். அந்த வருடம் கொழும்பில் பலர் சைக்கிளுக்குத் திரும்பினார்கள், விலையும் அதற்கேற்ற மாதிரி ஏறியிருந்தது. கிடைத்ததே பெரிது என்று வாங்கிவந்தேன். வெள்ளவத்தையிலிருந்து பத்தரமுல்லை வரை போய் வந்தால், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் யாரோ ஆணி அடித்த மாதிரி வலிக்கும். சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போகும். வீட்டுக்கு வந்து தேநீர்க் கோப்பையைத் தூக்கினால் கைப்பிடியில் விரல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் தூக்க வேண்டும். விற்ற கடையில் கேட்டேன். "ஓட ஓடப் பழகிவிடும்" என்றார்கள். சீற்றை முன்னால் தள்ளினேன், பின்னால் இழுத்தேன், பஞ்சு வைத்த கையுறை வாங்கினேன். ஆறு மாதம் அப்படியே போயிற்று.

கடைசியில் எங்கள் தெரு முனையில் சைக்கிள் திருத்தும் பாஸ் ஒருவர்தான் பார்த்த பார்வையிலேயே சொன்னார், "இது உங்களைவிடப் பெரிய ஆளுடைய ஹேண்டில், ஐயா." ஹேண்டிலைத் திருப்பி, அதைச் சைக்கிளோடு இணைக்கும் ஸ்டெம் என்ற துண்டு பிடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் பொறித்திருந்த இலக்கத்தைக் காட்டினார். 440. அதாவது 44 சென்ரிமீற்றர். என் தோள் எலும்பு 39.

இப்படி நடப்பதற்குக் காரணம் எளியது. கம்பனிகள் ஃபிரேமின் அளவைப் பார்த்து ஹேண்டிலைப் போட்டு அனுப்புகின்றன. பெரிய ஃபிரேம் என்றால் 44, நடுத்தரம் என்றால் 42, சின்னது என்றால் 40 அல்லது 38. கால் நீளமும் தோள் அகலமும் ஒன்றாக வளரும் என்று ஒரு கணக்கு. நான் நெட்டை, ஆனால் ஒடுங்கிய தோள். எங்கள் ஆட்களில் இப்படிப் பலர் இருக்கிறார்கள், பெண்களில் இன்னும் கூட.

உடனே 40 வாங்கினேன். இங்கே இரண்டாவது முறையும் ஏமாந்தேன், இந்த முறை யாரையும் குறை சொல்ல முடியாது. ஹேண்டிலை இரண்டு விதமாக அளப்பார்கள். குழாயின் நடுவிலிருந்து மற்றக் குழாயின் நடுவரை அளப்பது ஒன்று. வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புவரை அளப்பது மற்றது. பிரேக் லீவர் பூட்டும் இடத்தில் குழாயின் விட்டம் ஏறக்குறைய 24 மில்லிமீற்றர். ஆகவே ஒரே ஹேண்டிலுக்கு ஒருவர் 40 என்பார், மற்றவர் 42 என்பார், இருவர் சொல்வதும் உண்மை. பெரும்பாலானவர்கள் நடுவிலிருந்து நடுவுக்குத்தான் அளக்கிறார்கள். சில இத்தாலியக் கம்பனிகள் வெளி விளிம்பை எடுத்துக்கொள்ளும். நான் வாங்கியது அந்த இனம். 40 என்று பூட்டியது, நம் கணக்கில் 38கூட இல்லை. கடைக்குப் போகும்போது அளவு நாடாவைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். பிரேக் லீவர் பூட்டும் இடத்தில் நீங்களே அளங்கள். இப்போது வரும் சில ஹேண்டில்கள் கீழே போகப் போக விரியும். கொம்பின் நுனியில் அளந்தால் அங்கேயும் அளவு பிழைக்கும்.

அந்த ஒடுங்கிய ஹேண்டிலோடு நான்கு கிழமை ஓடினேன். முதுகு வலி போனது நிசம். ஆனால் தென்மேல் பருவக்காற்று வீசும் நாட்களில் மரைன் டிரைவில் ஓடிப் பாருங்கள். கடற்பக்கமிருந்து காற்று குறுக்கே அடிக்கும், விட்டு விட்டு. ஒவ்வோர் அடிக்கும் முன்சில்லு ஒரு சாண் நகரும். ஹேண்டில் என்பது ஒரு நெம்புகோல். கை நடுவுக்குக் கிட்ட வர வர, சில்லை நேராகப் பிடித்திருக்கக் கூடுதல் பலம் வேண்டும். காலி வீதியில் பஸ் உரசிக்கொண்டு போகும்போது வரும் காற்றுக்கும் அதே கதைதான். பாலத்து ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால், இழுத்துப் பிடிக்கப் போதிய பிடி இல்லை. கொம்பின் அடியைப் பிடித்தாலோ முன்கை ஹேண்டிலின் மேற்குழாயில் இடித்தது. அதைக் கழற்றி மூன்றாவதாக நடுவிலிருந்து நடுவுக்கு 40 பூட்டினேன். அதுதான் இன்றுவரை.

அகலமான ஹேண்டில் மார்பை விரித்து மூச்சுக்கு உதவும் என்று முன்பு பயிற்சியாளர்கள் சொல்வார்கள். நான் 44இலும் மூச்சு வாங்கினேன், 40இலும் வாங்குகிறேன்.

இப்போது பேஷன் அடுத்த பக்கம் சாய்ந்துவிட்டது. என் தங்கையின் மகளுக்குப் பதினைந்து வயது, ரேஸ் ஓட ஆசை. ஒருநாள் கைப்பேசியை நீட்டி, "மாமா, இவங்க எல்லாரும் எவ்வளவு ஒடுக்கமா பிடிக்கிறாங்க பாருங்க, எனக்கும் அப்படி வேணும்" என்றாள். அவள் சொல்வதில் விசயம் இருக்கிறது. மணிக்கு 45 கிலோமீற்றரில் பறப்பவர்களுக்குப் பெரிய எதிரி காற்று. அந்தக் காற்றில் பெரும்பங்கு மோதுவது சைக்கிளில் அல்ல, ஆளில். கையை ஒடுக்கினால் உடம்பு ஒடுங்கும். ஆனால் அவர்களுக்கு வீதியை மூடிக் கொடுக்கிறார்கள். நமக்குக் கொள்ளுப்பிட்டியில் முச்சக்கர வண்டி சிக்னல் போடாமல் திரும்பும்.

இந்தப் போட்டி எல்லை மீறிப் போனதால்தான் யு.சி.ஐ. எனப்படும் சர்வதேச சைக்கிளோட்டச் சங்கம் ஒரு வரம்பு வைத்தது. கூட்டமாக ஓடும் வீதிப் போட்டிகளில் ஹேண்டிலின் வெளி விளிம்பு அகலம் 350 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது என்றிருந்தது. 2026 ஜனவரி முதல் அது 400 ஆகியிருக்கிறது. சிறிய உடல்வாகு கொண்ட வீராங்கனைகள் பலர் இதை எதிர்த்தார்கள். அதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். மருமகளைச் சுவரில் நிறுத்தி அளந்தேன், 35 சென்ரிமீற்றர். அவளுக்கு 36 அச்சாகப் பொருந்தும். அதன் வெளி விளிம்பு 384 அளவில்தான் வரும், அந்த விதிப்படி செல்லாது. 38 எடுத்தால் 404, மயிரிழையில் தப்பும். எலும்பு ஒன்று சொல்கிறது, விதி ஒன்று சொல்கிறது. இரண்டு சென்ரிமீற்றர் தானே, 38 எடுப்போம் என்று முடிவு செய்தோம்.

நீங்கள் போட்டி ஓடப்போவதில்லை என்றால் தோள் எலும்பின் அளவையே எடுங்கள். இரண்டு அளவுக்கு நடுவில் நின்றால், கொழும்பு வீதிக்கு நான் பெரியதைத்தான் சொல்வேன். மாற்றுவதென்றால் ஹேண்டிலில் சுற்றிய டேப்பை உரித்து, லீவர்களைக் கழற்றி, புது டேப் சுற்ற வேண்டும். வயர்கள் ஹேண்டிலுக்கு உள்ளே ஓடும் புது மாதிரி சைக்கிள் என்றால் செலவும் பாடும் இன்னும் கூட. அதனால் வாங்கும் நாளிலேயே கடைக்காரரிடம் மாற்றித் தரக் கேளுங்கள். அப்புறம் ஸ்டெம் பிடிக்கும் இடத்தின் விட்டத்தையும் பாருங்கள். இப்போது அநேகமாக 31.8 மில்லிமீற்றர், பழைய சைக்கிள்களில் 26 அல்லது 25.4. அகலம் சரியாக இருந்து இது பொருந்தாமல் திரும்பி வந்தவர்கள் உண்டு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். ஒன்றே ஒன்று. ஸ்டெம் ஆணிகளை முறுக்க வேண்டிய அளவு ஸ்டெம்மிலேயே எழுதியிருக்கும், பொதுவாக 5 நியூட்டன் மீற்றர். கார்பன் ஹேண்டிலை வெறும் கைக்கணக்கில் முறுக்காதீர்கள், அதற்கென்று உள்ள சாவியைப் பாஸிடம் கேட்டு வாங்குங்கள். வணக்கம்.